கதையும் எமது, சொல்லும் நாவும் எமதாகுக!

2023ஆம் ஆண்டு ஜூலை 28ஆம் நாள் தலைமன்னாரில் ஒரு நடைபயணம் தொடங்கிற்று. மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாவுல எனக் கடந்து, பதினாறாம் நாளாகிய ஆகஸ்ட் 12இல் மாத்தளையை அடைந்தது. 'மாண்புமிகு மலையக மக்கள்' என்னும் பெயரால் ஒன்றுகூடியோர் நடத்திய பயணம் அது. கோப்பித் தோட்டங்களுக்கு நம் முன்னோர் எவ்வழியே கால்நடையாக அழைத்து வரப்பட்டனரோ, அவ்வழியே, இருநூறு ஆண்டுகளுக்குப் பின் அவர்தம் பேரர் நடந்தனர். வாந்திபேதியாலும் பசியாலும் வழியில் வீழ்ந்தோரின் பெயரை எழுதி வைப்பார் அன்று இல்லை. இன்றோ, அந்த நடையின் படமும் பேச்சும் முகநூல் வழியே உலகெங்கும் சென்றன. வழியோரத்துச் சிங்களரும் முஸ்லிம்களும் தமிழரும் வந்தவர்களை வரவேற்றனர்.

அந்தப் பயணத்தின் புழுதி அடங்குமுன், அதே ஆகஸ்ட் மாதத்தில், அதே மாத்தளை மாவட்டத்தில் நடந்தது என்ன? எல்கடுவைப் பகுதியிலுள்ள ரத்வத்தைத் தோட்டத்தில் தொழிலாளர் குடும்பம் ஒதுங்கியிருந்த தற்காலிகக் குடிலைத் தோட்ட அதிகாரி ஒருவர் உடைத்தெறிந்தார். அந்தக் காட்சியும் கைத்தொலைபேசியிற் பதிவாயிற்று, நாடெங்கும் பரவிற்று, அமைச்சர் தோட்டத்திற்கு விரைந்தார்.

நாம் கேட்கின்றோம்: அந்தக் காணொளி இல்லாதிருந்தால் எந்த அமைச்சர் விரைந்திருப்பார்? இருநூறு ஆண்டுகளில் உடைந்த குடில் இது ஒன்றுதானா? உடைத்தது புதிதன்று, உலகம் கண்டதே புதிது!

விடியற்காலையிற் பெரட்டுக்கு அழைத்த தப்பு, துரையின் ஏவலுக்கு ஒலித்தது. இன்று நம் பிள்ளைகளின் கையிலிருக்கும் கருவி நம் ஏவலுக்கு ஒலிக்கக்கூடியது. அதன் ஆற்றலை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லாமலிருக்க இயலாது. குடில் உடைந்ததற்கு இரங்கியோர் இலட்சம். குடில் நின்ற நிலம் யாருடையது என்று கேட்டோர் எத்தனை பேர்? இரக்கம் ஒரு வாரம் நிற்கும். உறுதிப்பத்திரம் தலைமுறைக்கு நிற்கும். இரக்கத்தைத் தேடும் கதை வேறு, உரிமையைத் தேடும் கதை வேறு.

அலுவிகாரை சொல்லும் பாடம்

மாத்தளை நகரின் வடக்கே சிறிது தொலைவில் அலுவிகாரை இருக்கின்றது. வாய்மொழியாகவே வழங்கிவந்த திரிபிடகம், கிறித்துவுக்கு முந்திய முதலாம் நூற்றாண்டில் அங்கேதான் ஏட்டில் எழுதப்பட்டது என்பது பௌத்த மக்களின் வரலாறு. பஞ்சமும் போரும் சூழ்ந்த காலத்தில், மனனம் செய்தோர் மாண்டால் அறமும் மாளும் என்று அஞ்சினர் துறவியர், எழுதினர், காத்தனர்.

அந்த அச்சம் நமக்கு உண்டா? லயத்துக் காம்பராவில் கண் மங்கியிருக்கும் பாட்டியின் நெஞ்சில் ஒரு நூலகம் இருக்கின்றது. தாலாட்டும், ஒப்பாரியும், கங்காணியின் கொடுமையும், 1948இல் பிரசாவுரிமை பறிபோன கதையும், 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் உடன்பிறந்தோர் இரு நாட்டவராய்ப் பிரிந்த கண்ணீரும் அதிலே உள்ளன. ஐந்தே கால் இலட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு, எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரைப் பற்றிப் பின்னர் பேசுவோம் என்று மந்தைபோற் பங்கிட்ட ஒப்பந்தம் அது! அந்த எண்கள் ஏட்டில் உள்ளன. பங்கிடப்பட்ட மனிதரின் கதை எங்கே? பாட்டி மறையும் நாளில் அந்நூலகமும் எரிகின்றது.

நம்மிடையே வழிகாட்டிகள் இல்லாமலில்லை. கோ. நடேசையரின் பத்திரிகையும் துண்டுப் பிரசுரமும் தோட்டத்துக் கதவுகளைத் தட்டின. மீனாட்சி அம்மையாரின் பாட்டு, எழுத்தறியாதோர் செவியிலும் அரசியலை ஏற்றியது. பின்னர் சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்தார். அவர்களுக்கு இருந்தவை காகிதமும் குரலும் மட்டுமே. நம் சட்டைப்பையிலோ ஓர் அச்சகமும் வானொலி நிலையமும் கிடக்கின்றன!

படம் பிடிப்போரும் படம் காட்டுவோரும்

ஆயினும் இன்று அந்தக் கருவியிற் பெரிதும் வலம் வருவது எது? அரிசிப் பொதி கொடுக்கும் தலைவரின் புன்னகை. அதைப் பெறும் தாயின் குனிந்த தலை. கொழுந்துக் கூடையுடன் சிரிக்கும் பெண்ணைப் படம் பிடித்துச் செல்கின்றார் சுற்றுலாப் பயணி. அவள் பெயரைக் கேட்பதில்லை. நம்மை வேடிக்கைப் பொருளாக்குவது ஏளனமென்றால், இரக்கப் பொருளாக்குவதும் ஏளனமே!

நம் குற்றத்தையும் மறையோம். கொழுந்து கொய்யும் கை பெண்ணுடையது. மேடையிற் பேசும் வாய் பெரும்பாலும் ஆணுடையது. வீட்டிலுள்ள ஒரே கைத்தொலைபேசியும் பல இடங்களில் ஆணின் பையிலேதான். லயத்துக்குள்ளே சாதி பார்க்கும் சிறுமையும் முற்றாக ஒழியவில்லை. பிறர் நம்மைச் சேர்த்துக்கொள்ளவில்லை என்று முழங்கும் நாம், நம்முள் யாரைச் சேர்க்காது விட்டோம்?

இன்னுமோர் எச்சரிக்கை. 2018 மார்ச்சில் அயல் மாவட்டமாகிய கண்டியில், திகனையிலும் சூழ்ந்த ஊர்களிலும் முஸ்லிம் மக்களின் வீடும் கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டபோது, வெறுப்பைச் சுமந்து சென்றதும் இதே முகநூல்தான். அந்நிறுவனமே 2020இல் மன்னிப்புக் கேட்டது. விளக்கேற்றும் நெருப்பே வீட்டையும் எரிக்கும். ஆராயாது ஒரு செய்தியை அனுப்புவோன் அந்தக் கொள்ளிக்குத் துணை போகின்றான்.

'முகநூலில் எழுதிப் பயன் என்ன?' என்று நகைப்போர் உளர். அவர்களுக்கு விடை 2018 ஒக்டோபரிற் கிடைத்தது. சமூக வலைத்தள அழைப்பை ஏற்றுக் கறுப்புடை தரித்த மலையக இளைஞர் கொழும்புக் காலிமுகத்திடலில் திரண்டு, நாளொன்றுக்கு ஆயிரம் ரூபாய் கேட்டனர். அக்கூலி வர்த்தமானியில் ஏற 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் பாடம் தெளிவு: விரல் அழைத்தது, கால்கள் நடந்தன, கோரிக்கை ஒன்றாக இருந்தது. மூன்றில் ஒன்று குறைந்தாலும் கூட்டம் கலைந்துவிடும்.

நாம் செய்யத்தக்கவை

மாத்தளை, இரத்தோட்டை, உக்குவளை, எல்கடுவை இளைஞர்காள்! உங்கள் தோட்டத்து முதியோரை அமரவைத்துக் கேளுங்கள். அவர் இசைவுடன் பதியுங்கள். தோட்டத்தின் பெயர், பிரிவு, நாள் ஆகியவற்றைக் குறியுங்கள். பெண்கள் பேசட்டும், அவர்களே படம் பிடிக்கட்டும். சிங்களத்திலும் சொல்லுங்கள், தலைமன்னார்ப் பயணிகளை வரவேற்ற அயலவர் நம் கதையைக் கேட்க மறுப்பவரல்லர், அவர்களுக்கு அதைச் சொல்லாதிருந்தது நம் தவறு. ஒவ்வொரு கதையின் முடிவிலும் ஒரு கோரிக்கை நிற்கட்டும்: வீட்டுக்கு நிலம், நிலத்துக்கு உறுதி, உழைப்புக்கு வாழத்தக்க கூலி.

தலைமன்னாரிலிருந்து நடந்தோர் மாத்தளையில் நின்றனர். ஆனால் நம் பயணம் மாத்தளையில் முடியவில்லை. லயத்துக் காம்பரா சொந்த வீடாகும் நாளிலேதான் அது முடியும். அதுவரை சொல்லுவோம், தலை நிமிர்ந்து, நம் நாவாற் சொல்லுவோம்!