இயந்திரம் வந்தது, பட்டறை வரவில்லை

யன்மார் என்பது எமது கடற்றொழிலாளருக்கும் கமக்காரருக்கும் பழகிய பெயர். அது வளர்ந்த விதத்தைப் பற்றித்தான் நாம் அதிகம் பேசுவதில்லை.

யப்பானின் ஷிகா மாகாணத்தில் ஏழைக் கமக்காரக் குடும்பத்தில் பிறந்த யமஓக்கா மகோக்கிச்சி, 1912 இல் ஒசாக்காவில் தொழிலைத் தொடங்கினார். பாவித்த எரிவாயு இயந்திரங்களை வாங்கித் திருத்தி விற்பதே ஆரம்ப வேலை. அதாவது, திருத்தக் கற்ற பின்னரே அவர் செய்யத் தொடங்கினார். பின்னர் கமத்துக்கான சிறிய மண்ணெண்ணெய் இயந்திரம் வந்தது. நல்ல விளைச்சலின் அடையாளமான தும்பியின் பெயரை அதற்கு வைக்க விரும்பினார். அதை வேறொருவர் ஏற்கனவே பதிவு செய்திருந்தமையால், பெருந்தும்பியைக் குறிக்கும் 'யன்மா' என்ற சொல்லிலிருந்து 1921 இல் இப்பெயர் பிறந்தது.

1932 இல் லைப்சிக் கண்காட்சியில் டீசல் இயந்திரத்தைக் கண்டார். டீசலில் தீப்பொறி கிடையாது. அமுக்கப்பட்ட காற்றின் வெப்பமே எரிபொருளைப் பற்றவைக்கிறது. எரிபொருளும் குறைவாகவே செலவாகும். ஆனால் இயந்திரம் சிறிதாகும்போது, ஒவ்வொரு தடவையும் சில துளியிலும் குறைந்த எண்ணெயைச் சரியான கணத்தில் பீச்சவேண்டும். அந்த நுட்பம் கைகூடியது 1933 டிசம்பரில். ஐந்தாறு குதிரைவலுவுள்ள அந்தச் சிறு இயந்திரத்திலிருந்தே கம்பனி பெருகிற்று. 1957 இல் பிரேசிலிலும் கால்பதித்தது.

எம்மைக் கவர்வது பிரேசில் அல்ல. போருக்குப் பின்னர் அவர் ஷிகாவின் கிராமங்களிலேயே உதிரிப்பாகம் செய்யும் சிறு வேலைத்தலங்களை நிறுவியதே. வயல் வேலை செய்த கைகள் அங்கே நுண்ணிய உருக்கு வேலையையும் கற்றன.

இங்கோ, துலாவும் பட்டையும் போய் நீரிறைக்கும் இயந்திரம் வந்து பல தசாப்தங்களாகிவிட்டன. தொண்ணூறுகளில் வடக்குக்கு எரிபொருள் தடைசெய்யப்பட்டபோது அவற்றை ஓடவைத்தவர்கள் எமது ஊர் மெக்கானிக்குகள்தான். அவர்களுக்குச் சான்றிதழும் இல்லை, கடன் கொடுக்க ஆளும் இல்லை. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியபோது வள்ளங்கள் கரையில் கிடந்தன. எரிபொருளை மிச்சப்படுத்தும் இயந்திரம் எது, அதை யார் பராமரிப்பது என்ற கேள்வியை அப்போதாவது நாம் கேட்டிருக்க வேண்டும். கேட்டதெல்லாம் மானியம் எப்போது வரும் என்பதே. (மானியம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை.)

சங்கங்களுக்கு இயந்திரக் கடன் வழங்கும்போது பத்தில் ஒரு பங்கையாவது கருவிகளுக்கும் இரண்டு இளைஞரின் பயிற்சிக்கும் ஒதுக்கவேண்டும் என்பது எமது கோரிக்கை. அவர்களில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். பழைய மெக்கானிக்குகளையே ஆசிரியராக வைக்கலாம். எரிபொருட் பம்பி பழுதானால் அதைச் சாக்கில் கட்டிக் கொழும்பு பஸ்ஸில் ஏற்றிவிட்டு, தொழிலின்றி வாரக்கணக்கில் காத்திருக்கும் குடும்பங்கள் எமது கிராமங்களில் இன்னும் இருக்கின்றன.