யார் யாரோடு மோதுவது?

ஒரு பள்ளிக்கூடம். மொத்தமே 90 பிள்ளைகள். பக்கத்து நகரத்தில் இன்னொரு பள்ளிக்கூடம். அங்கே 3 ஆயிரம் பேர். இரண்டையும் ஒரே மைதானத்தில் இறக்கிவிட்டு, "மோதுங்கடா பார்ப்போம்!" என்றால் அது போட்டியா? வேடிக்கையா?

யானைக்கும் பூனைக்கும் குஸ்தி வைத்த கதைதான்!

இந்தச் சிக்கலோடுதான் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் பல காலமாக மல்லுக்கட்டுகிறது. அங்கே உயர்நிலைப் பள்ளி 'ஃபுட்பால்' என்றால் ஜனங்களுக்கு உயிர். நம்ம ஊரில் காலால் உதைக்கிற பந்தாட்டம் அல்ல அது. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு, குறுக்கே வருகிறவனை இடித்துத் தள்ளிவிட்டு ஓடுகிற முரட்டு ஆட்டம். வெள்ளிக்கிழமை ராத்திரி ஆனால் சின்ன ஊர்களில் கடைத்தெரு வெறிச்சோடும். ஊரே மைதானத்தில் இருக்கும்.

டல்லாஸ் நகருக்குப் பக்கத்தில் ஆலன் என்று ஓர் ஊர். அங்கே பள்ளிப் பையன்கள் ஆடுவதற்கென்று 2012ல் ஒரு ஸ்டேடியம் திறந்தார்கள். 18 ஆயிரம் பேர் உட்காரலாம். செலவு சுமார் 6 கோடி டாலர்!

இத்தனை பணமும் இத்தனை வெறியும் புரளும் இடத்தில், யாரை யாரோடு மோத விடுவது என்பது சாதாரண விஷயமா?

தலையை எண்ணு!

போட்டிகளை நடத்துவது 1910ல் தொடங்கிய 'யுனிவர்சிட்டி இண்டர்ஸ்காலஸ்டிக் லீக்' என்ற அமைப்பு. அதன் ரூல் சுலபமானது. தலையை எண்ணு, வகுப்பைப் பிரி!

இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, அக்டோபர் கடைசியில் ஒவ்வொரு பள்ளியிலும் எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று கணக்கெடுப்பார்கள். அதை வைத்து வகுப்பு பிரிப்பார்கள். 2014 முதல் மொத்தம் 6 வகுப்பு. 2024ல் போட்ட கணக்குப்படி 2,275 மாணவர்களும் அதற்கு மேலும் உள்ள பள்ளி, உச்சியில் உள்ள '6 ஏ' வகுப்பு. 105 பேர்கூட இல்லாத பள்ளி, அடியில் உள்ள '1 ஏ' வகுப்பு.

அடி வகுப்பில் 11 பேரைத் திரட்டுவதே கஷ்டம். அதனால் அவர்களுக்கு 6 பேர் ஆட்டம்! 1934ல் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஸ்டீபன் எப்ளர் என்ற வாத்தியார் கண்டுபிடித்தது இது. மைதானமும் சின்னது. பாதி ஆட்டத்துக்கு மேல் ஓர் அணி 45 புள்ளி முந்திவிட்டால், போதும் என்று ஆட்டத்தை நிறுத்திவிடுவார்கள். தோற்கிற பையனுக்கும் மானம் உண்டு அல்லவா?

வகுப்பு பிரித்த பிறகு, பக்கத்துப் பக்கத்து ஊர்களைச் சேர்த்துக் குழு அமைப்பார்கள். 11 பேர் ஆட்டத்தில் ஒவ்வொரு குழுவிலும் முதல் 4 இடம் பிடிப்பவர்களுக்கு அடுத்த கட்டம்.

பிப்ரவரியில் பட்டியல் வெளியாகும். கோச்சுகள் கூட்டமாக வந்து காத்திருப்பார்கள். காகிதம் கைக்கு வந்ததும், மிச்சமிருக்கும் தேதிகளுக்கு ஆள் பிடிக்கப் பேரம் தொடங்கும். கல்யாணத் தரகர்கள் ஜாதகம் மாற்றுகிற மாதிரி இருக்கும்!

ஐந்து பேர் வித்தியாசம்

ரூல் சுலபம். விளைவு சுலபமல்ல.

2,270 பேர் உள்ள பள்ளி, சின்னவர்களில் பெரியது. கூட 5 பேர் சேர்ந்தால் போதும். அதே பள்ளி பெரியவர்களில் சின்னது! உச்சி வகுப்புக்கு மேல் வரம்பே கிடையாது. 5 ஆயிரத்துக்கு மேல் படிக்கிற பள்ளியும் அதே வகுப்புதான்.

தூரம் இன்னொரு தலைவலி. மேற்கு டெக்சாஸில் ஊர்கள் எட்ட எட்ட இருக்கின்றன. ஒடெஸ்ஸாவும் சான் ஆஞ்செலோவும் ஒரே குழுவில் ஆடியிருக்கின்றன. இடையில் சுமார் 200 கிலோமீட்டர். சென்னையிலிருந்து உளுந்தூர்பேட்டைக்குப் போய் ஆடிவிட்டு, ராத்திரியே பஸ் ஏறித் திரும்புவதற்குச் சமம்.

நிறத்தால் போட்ட கோடு

ஆனாலும் இந்தக் குறைகள் எல்லாம் பழைய அநியாயத்துக்கு முன்னால் தூசு.

ஒரு காலத்தில் அந்த லீக்கில் வெள்ளைக்காரப் பிள்ளைகளின் பள்ளிகளுக்கு மட்டுமே இடம். பின்னாளில் 'பிரெய்ரி வியூ' என்று பெயர் பெற்ற தனி லீக்கைக் கறுப்பர் பள்ளிகள் 1920ல் அமைத்துக்கொண்டன. ஸ்டேடியம் வெள்ளிக்கிழமை வெள்ளையருக்கு. கறுப்புப் பையன்களுக்குப் புதன், வியாழன் ராத்திரி!

அந்தப் பையன்கள் சோடையா? பின்னாளில் அமெரிக்காவையே கலக்கிய ஜோ கிரீன், பப்பா ஸ்மித் எல்லாம் அங்கே ஆடியவர்கள்தான். 1967ல்தான் பெரிய லீக்கின் கதவு திறந்தது. 1970ல் பிரெய்ரி வியூ லீக் மூடப்பட்டது.

பிரிப்பது தப்பில்லை. எதை வைத்துப் பிரிக்கிறோம் என்பதுதான் கேள்வி. நிறத்தைப் பார்த்துப் போட்ட கோடு அநியாயம். தலையை எண்ணிப் போடுகிற கோடு அதைவிட ஆயிரம் மடங்கு மேல். கணக்கு ஊரறிய இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை திருத்தவும் செய்கிறார்கள்.

வயிற்றையும் பார்!

அதோடு முடிந்ததா? இல்லை.

ஆயிரம் பணக்காரப் பிள்ளைகளும் ஆயிரம் ஏழைப் பிள்ளைகளும் எண்ணிக்கையில் சமம். மைதானத்தில் சமமா? ஒருவனுக்குத் தனி கோச், சத்தான சாப்பாடு, நல்ல ஷூ. இன்னொருவன் பள்ளி விட்டதும் வேலைக்கு ஓட வேண்டும். அவன் பயிற்சிக்கு எப்போது வருவான்?

மின்னசோட்டா மாநிலத்துக்காரர்கள் இதை யோசித்தார்கள். இலவச உணவும் சலுகை விலை உணவும் பெறுகிற பிள்ளைகள் எத்தனை பேர் என்று பார்த்து, அதில் ஒரு பகுதியைப் பள்ளியின் எண்ணிக்கையில் கழித்துக் கணக்குப் போடும் முறையைக் கொண்டுவந்தார்கள். ஏழைகள் அதிகம் படிக்கிற பள்ளி, தன் பலத்துக்கு ஏற்ற வகுப்பில் ஆடலாம்.

இது சலுகை அல்ல. சரியான எடைக்கல்!

டெக்சாஸ் இன்னமும் தலையைத்தான் எண்ணுகிறது. 6 கோடி டாலருக்கு ஸ்டேடியம் கட்டத் தெரிந்த மாநிலத்துக்கு இந்தச் சின்னக் கழித்தல் கணக்கா தெரியாது? மனசு வைத்தால் அடுத்த பட்டியலிலேயே செய்யலாம்.

தோற்பது அவமானமில்லை. ஆட்டம் தொடங்கும் முன்பே தோற்கடிக்கப்படுவதுதான் அவமானம். அது அந்தப் பையன்களுக்கு அல்ல, கோடு போட்டவர்களுக்கு!