மின்னகராதியைப் பழிப்போரும் துதிப்போரும்

சொல் விளையாட்டில் தேர்ச்சி பெறக் கையடக்க மின்னகராதியைத் துணைகொள்வது பற்றி இரண்டு கருத்துகள் வழங்கிவருகின்றன. அது பிள்ளைகளின் நினைவாற்றலைக் கெடுக்கும் குறுக்குவழி என்பது ஒன்று. அதை வைத்துக்கொண்டு ஸ்கிராபிள் ஆடினால் ஆங்கிலம் தானே வந்துவிடும் என்பது மற்றொன்று. இரண்டும் பிழை. இவற்றின் இரைச்சலில் மூன்றாவது உண்மை ஒன்று எவர் காதிலும் விழுவதில்லை: அந்தக் கருவிக்குள் தமிழ் இல்லை.

முதலில் கருவியைப் பார்ப்போம். அமெரிக்காவின் பிராங்க்ளின் நிறுவனம் 1986-இல் எழுத்துப்பிழை திருத்தும் சிறு கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பின்னாளில் ஸ்கிராபிள் ஆட்டக்காரர்களுக்கென்றே தனிக் கருவியையும் வெளியிட்டது. ஒரு சொல்லைத் தட்டினால் அது ஆட்டத்தில் செல்லுமா என்று சொல்லும். கையிலுள்ள ஏழு எழுத்துகளைத் தட்டினால் அவற்றிலிருந்து ஆகக்கூடிய சொற்களை எல்லாம் அடுக்கும். இடையில் ஓர் எழுத்து தெரியாவிட்டால் அதற்குப் பொருந்தும் சொற்களைத் தேடித் தரும். அது செய்வது அவ்வளவே. அதில் மாயமும் இல்லை, நஞ்சும் இல்லை.

போர்ட் பிளேருக்கு (2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட நகருக்கு) அருகிலுள்ள கராச்சர்மாவிலிருந்து நோக்கினால் இதன் மதிப்பு இன்னும் தெளிவாகும். சென்னையிலிருந்து ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளக் கடலடிக் கம்பிவடம் 2020 ஆகஸ்டில்தான் அந்தமானில் பயன்பாட்டுக்கு வந்தது. அதுவரை தீவுகளின் இணையம் செயற்கைக்கோளை நம்பித் தவழ்ந்துகொண்டிருந்தது. இணையமின்றி மின்கலத்தில் இயங்கும் அகராதி அத்தகைய ஊருக்கு ஆடம்பரப் பொருளன்று. ‘கைப்பேசி இருக்கையில் இது எதற்கு’ என்று பெருநகரத்தில் அமர்ந்து கேட்பது எளிது.

இனி, பழிப்போரின் வாதம். நினைவாற்றல் கெடும் என்கிறார்கள். திவாகரம், பிங்கலம், சூடாமணி ஆகிய நிகண்டுகள் செய்யுளில் இயற்றப்பட்டமைக்கு மனனம் ஒரு முதன்மைக் காரணம். திண்ணைப் பள்ளி மாணவர்கள் நிகண்டை ஒப்பித்தே சொல்வளம் பெற்றனர். வீரமாமுனிவர் 1732-இல் சதுரகராதியை அகரவரிசையில் அமைத்தார். காலப்போக்கில் அகராதி நிகண்டின் இடத்தைப் பிடித்தது. அதனால் தமிழ் அழிந்துவிடவில்லை. தேடும் வழி மாறும்போதெல்லாம் ‘அறிவு போயிற்று’ என்று புலம்புவது பழைய வழக்கம், அது வாதமாகாது.

கேட்கவேண்டிய கேள்வி, கருவியை எப்போது கையில் எடுப்பது என்பதே. ஆட்டத்தின் நடுவே எடுத்து ஏழு எழுத்துகளையும் அதற்கு ஊட்டுபவர் ஆடவில்லை; கருவி ஆடுகிறது. வைத்த சொல் செல்லுமா என்ற வழக்கைத் தீர்க்க எடுப்பவர் நடுவரை அழைக்கிறார், அதில் குற்றமில்லை. ஆட்டம் முடிந்தபின், தம் கையிலிருந்த எழுத்துகளை மீண்டும் தட்டி, தாம் காணத் தவறிய சொற்களைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, மறுநாள் கருவியைத் தொடாமல் அவற்றை நினைவுகூர முயல்பவரே உண்மையில் பயில்கிறார். நினைவாற்றலை அங்கே கருவி கெடுக்கவில்லை, சோதிக்கிறது.

துதிப்போரின் பிழை இதனினும் பெரிது. ஏனெனில் அதற்குப் பெற்றோர் பணம் கொடுக்கிறார்கள். ஸ்கிராபிள் வெற்றியும் மொழித் தேர்ச்சியும் ஒன்றல்ல என்பதற்கு நைஜல் ரிச்சர்ட்ஸ் ஒருவரே போதும். நியூசிலாந்தில் பிறந்த அவர், பிரெஞ்சு பேசத் தெரியாமலே 2015-இல் பிரெஞ்சு மொழி ஸ்கிராபிள் உலகப் போட்டியில் வென்றார். 2024-இல் ஸ்பானிய மொழிப் போட்டியிலும் அவ்வாறே வென்றார். சொற்பட்டியலை மனத்தில் பதித்தார், மொழியை அன்று. அவர் சாதனை வியப்புக்குரியது. ஆனால் அந்த வியப்பை ‘உங்கள் பிள்ளைக்கும் ஆங்கிலம் வரும்’ என்று விற்பது ஏமாற்று. பொருள் தெரியாத ஈரெழுத்துச் சொற்களை அடுக்கும் பிள்ளைக்கு, அவற்றைக் கொண்டு ஒரு விண்ணப்பமோ கதையோ எழுத வராது.

பட்டியல் மொழியாகாது என்பதைத் தென் அந்தமான் மண்ணைவிடத் தெளிவாக எது சொல்லும்? அங்கே பேசப்பட்ட அக்கா-பேயா மொழிக்கு இ. எச். மேன் தொகுத்த அகராதி 1923-இல் நூலாக வந்தது. இன்று அகராதி இருக்கிறது, பேசுவோர் இல்லை. போ மொழியின் கடைசிப் பேச்சாளரான போவா மூதாட்டி 2010 ஜனவரியில் இறந்தார். மொழியியலாளர் அன்விதா அப்பி தொகுத்த பெரிய அந்தமானிய அகராதி அதன்பின் 2012-இல் வெளிவந்தது. அரும்பணிதான். ஆயினும் ஒரு மொழியின் சொற்களெல்லாம் ஏட்டில் இருந்தும், அவற்றைச் சொல்லிச் சிரிக்கவும் சண்டையிடவும் எவருமில்லாவிட்டால் அம்மொழி வாழ்கிறது என எவரும் சொல்லார்.

தமிழுக்கு அந்த நிலை இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி அந்தமான் நிக்கோபாரில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினரின் தாய்மொழி தமிழ். வங்காளமும் இந்தியும் தெலுங்கும் தெருவில் கலந்தொலிக்கும் இடத்தில், தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழ் பெரும்பாலும் வீட்டுமொழி. வீட்டுமொழிக்கு விளையாட்டு வேண்டும். சரியாகச் சொன்னேன், இல்லை என்று தோழரோடு வழக்காட வேண்டும். வழக்கைத் தீர்க்க நடுவர் வேண்டும். ஆங்கிலத்தில் இவை மூன்றும் ஒரு பெட்டிக்குள் கிடைக்கின்றன. தமிழில்?

தமிழில் வளம் இல்லையா என்றால், இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி, 1939-இன் துணைத்தொகுதியையும் சேர்த்து 1,17,762 சொற்களைக் கொண்டது. க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி 1992-இலேயே வந்தது. இல்லாதது முடிவெடுக்கும் துணிவு. ஆங்கில ஆட்டத்துக்கு நூறு வில்லைகள் போதும்; 247 எழுத்துகளைக் கொண்ட தமிழுக்கு வில்லை எது? ‘கௌ’ ஒரு வில்லையா, ‘க்’ ஒன்று ‘ஔ’ ஒன்று என இரண்டா? ‘வந்தான்’ செல்லுமா, ‘வா’ மட்டுமா? வினையின் எல்லா வடிவங்களும் செல்லும் என்றால் அச்சிட்ட பட்டியல் போதாது. அவற்றை ஆக்கவும் அறியவும் வல்ல நிரல் வேண்டும். பஸ் செல்லுமா? வட்டாரச் சொல் செல்லுமா? இவை விடையற்ற கேள்விகள் அல்ல. ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆட்டத்தின் பொருட்டு ஒரு முடிவுக்கு வரவேண்டிய கேள்விகள்.

அப்படி முடிவெடுத்த முன்னோடி நம் மரபிலேயே உண்டு. ஆங்கில ஆட்டக்காரர் முதலில் மனனம் செய்வது ஈரெழுத்துச் சொற்களை. பவணந்தியாரின் நன்னூலோ ஓரெழுத்துச் சொற்கள் இவை என 42-ஐ வரையறுத்தே வைத்திருக்கிறது. ‘கா’ சோலை, ‘கோ’ அரசன், ‘சே’ எருது, ‘நொ’ துன்பம். எண்ணித் தொகுத்து எல்லை கட்டும் அந்த மனப்பாங்கே சொல் விளையாட்டின் அடித்தளம். அதைத் தேர்வு வினாவாக மட்டும் சுருக்கிவிட்டோம்.

ஆகவே, கருவியைப் பழிப்பவர்களும் துதிப்பவர்களும் தம் ஆற்றலை வேறிடத்தில் செலவிடட்டும். பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளும் மொழியியல் துறைகளும் ஆண்டுதோறும் கருத்தரங்கு கூட்டுகின்றன. அவற்றுள் ஒன்றேனும், பிள்ளைகள் ஆடத்தக்க ஒரு சொற்பட்டியலையும் அதற்கான விதிகளையும், எவரும் விலையின்றி எடுத்து இணையம் இல்லாத இடத்திலும் பயன்படுத்தும்படி வெளியிடட்டும். தமிழ் வாழ்க என்று மேடையில் முழங்குவதைவிட, ‘நொ’ செல்லும், பட்டியலைப் பார் என்று கராச்சர்மாவில் ஒரு பிள்ளை தோழனிடம் வாதிட வழிசெய்வது தமிழுக்குச் செய்யும் பெரிய பணி.