அட்டைக்கு ஒரு வயல்

இந்த இதழின் அட்டைக்கு நண்பர் ஒருவர் வயல்வெளிப் படம் அனுப்பியிருந்தார். அழகான படம், ஆளே இல்லை. ஆள் இல்லாததால்தான் அழகோ என்று ஒரு சந்தேகம் வந்து அதை நிறுத்திவைத்தோம். சந்தேகத்துக்குக் காரணம் பழைய ஓவியம் ஒன்று.

தாமஸ் கெய்ன்ஸ்பரோ 1750-ஐ ஒட்டி வரைந்த ‘ஆண்ட்ரூஸ் தம்பதி’ லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. உருவப்படம் என்றால் ஆள் நடுவில் இருப்பதுதான் வழக்கம். இங்கே புதுமணத் தம்பதி இடது ஓரத்தில், ஓக் மரத்தடியில். மிச்சக் கான்வாஸ் முழுக்க அவர்கள் நிலம். அறுவடை முடிந்திருக்கிறது. கதிர்க்கட்டுகள் நிற்கின்றன, அரிதாள் நூல் பிடித்தாற்போல் ஓடுகிறது. அறுத்தவர், கட்டியவர், சுமந்தவர் ஒருவரும் இல்லை. வயலோரத்தில் நீலப் பட்டுடுத்தி அம்மணி மட்டும் உட்கார்ந்திருக்கிறார்.

அவர் மடியில் ஓவியர் வரையாமல் விட்ட ஒரு திட்டு உண்டு. அங்கே வரவிருந்தது குழந்தையா, சுட்டு வீழ்த்திய பறவையா என்று எழுதித் தள்ளியிருக்கிறார்கள். வயலில் விடுபட்டவர்களைப் பற்றி அவ்வளவு கவலை இல்லை. இவர்கள் நிலவுடைமையாளர்கள், அந்தத் தோரணை முகத்திலேயே இருக்கிறது என்று 1972-இல் கலை விமர்சகர் ஜான் பெர்ஜர் சொன்னார். கலை வரலாற்றாசிரியர் லாரன்ஸ் கௌயிங்குக்கு அது பிடிக்கவில்லை. இயற்கையில் தோய்ந்திருப்பவர்களை வெறும் சொத்துக்காரர்களாக்குவதா என்பது அவர் தரப்பு. தோயட்டும், நமக்கென்ன. ஆனால் ஆண்ட்ரூஸின் கக்கத்தில் ஒரு துப்பாக்கி இருக்கிறதே! 1671-இன் வேட்டைச் சட்டப்படி, கௌதாரி சுடவே ஆண்டுக்கு 100 பவுண்டு வருமானம் தரும் சொந்த நிலம் இருக்க வேண்டியிருந்தது. பெரிய இடத்து வாரிசுகளுக்கு விலக்கு உண்டு. அதே நாட்டில் கவுண்டித் தொகுதியில் வாக்களிக்க ஆண்டுக்கு 2 பவுண்டு தரும் நிலம் போதுமாயிருந்தது. வாக்கைவிடக் கௌதாரி ஐம்பது மடங்கு உசத்தி. அந்த வயலில் நின்று இயற்கையை ரசிக்க யாருக்கு வாய்த்தது என்பதைத் துப்பாக்கியே சொல்லிவிடுகிறது.

உழைப்பவர் ஓவியத்துக்குள் வந்துவிட்டால் சரியாகிவிடுமா? ஆங்கில நிலக்காட்சிகளில் ஏழைகளுக்கு நிழலும் கனவான்களுக்கு வெயிலும் ஒதுக்கப்பட்டதை ஆய்வாளர் ஜான் பேரல் 1980-இல் ஒரு புத்தகமாகவே எழுதினார். அதைப் படித்த கண்ணுக்கு ஓவியர் கான்ஸ்டபிளின் ‘விவன்ஹோ பார்க்’ பழையபடி தெரிவதில்லை. 1816-இல் அந்த இடத்தின் உடைமையாளர் மேஜர் ஜெனரல் ரெபோ கேட்டு வரைந்தது. கல்யாணச் செலவுக்கு ஓவியருக்குப் பணம் வேண்டியிருந்தது. தோட்டத்துச் செயற்கைக் குகை, மான் கொட்டகை, எல்லாமே படத்தில் வந்தாக வேண்டும். கான்வாஸ் போதாமல் இருபுறமும் துண்டு தைத்துச் சேர்த்தார். நிலத்துக்கேற்ப நீண்ட படம்.

ஏரியில் படகில் இருவர் வலை போடுகிறார்கள். அவர்கள் பெயர் எங்கும் இல்லை. இடது ஓரத்தில் கழுதை வண்டியில், மாளிகையைவிடச் சிறியதாக, கிட்டே போய்ப் பார்த்தால்தான் தெரிகிற சிறுமியின் பெயர் மேரி ரெபோ.