'பெங்கால்' கப்பலும் அதன் மாலுமிகளும்

1942-ம் வருஷம் நவம்பர் 11-ந் தேதி இந்து மகாசமுத்திரத்தில் ஒரு சிறு கப்பல் செய்த காரியத்தைத் தேசத்தார் மறக்கலாகாது. ஸிட்னியில் கட்டப்பெற்ற 'பெங்கால்', இந்தியக் கடற்படையின் கண்ணிவாரிக் கப்பல். கடலிற் புதைத்த வெடிகளை அகற்றுவதே அதன் தொழில். எடை சுமார் 650 டன். பெரிய பீரங்கி ஒன்றே. டச்சு எண்ணெய்க் கப்பலான 'ஒண்டினா'வுக்குத் துணையாகச் சென்ற அதனை, பதினாயிரம் டன்னுக்கு மேற்பட்ட இரு ஜப்பானிய ஆயுதக் கப்பல்கள் எதிர்ப்பட்டன. 'பெங்கால்' புறங்காட்டவில்லை, நேரே எதிர்த்துச் சென்றது. பகைக்கப்பல் 'ஹோகோகு மாரு' மூழ்கிற்று. 'பெங்கா'லும் 'ஒண்டினா'வும் கரை சேர்ந்தன.

அக்கப்பலின் மாலுமிகளிற் பெரும்பாலோர் இந்தியர். அவர்தம் வீரத்தை ஏற்றுக்கொண்ட அன்றைய அரசாங்கம், மாலுமிக்குரிய மரியாதையைத் தர மனங்கொள்ளவில்லை. கெட்ட உணவும் அதிகாரிகளின் இழிசொல்லுமே 1946 பிப்ரவரி 18-ந் தேதி பம்பாய் 'தல்வார்' தளத்தில் கிளர்ச்சியை மூட்டின. அதைக் கட்டுப்பாடின்மை என்று தூற்றினர். கட்டுப்பாடற்றவர்களா 'பெங்கா'லைக் காத்தனர் என்று நாம் கேட்கிறோம்.

1960-ல் அக்கப்பல் உடைக்கப்பட்டது. நினைவுச் சின்னம் எழுப்புவது நன்றே. கடைநிலை மாலுமியின் சோற்றையும் மானத்தையும் காப்பது அதனினும் நன்று. அதுவே சுதந்திர நாட்டின் கடமை என்போம்.