மடலை மறித்தவர் கரணியம் கூறுக!

தூது என்பதை ஒரு தனி இலக்கியத் துறையாகவே வளர்த்த மொழி தமிழ். அன்னத்தையும் கிளியையும் முகிலையும் தூது போக்கிய தமிழன், தமிழையே தூதாக்கித் ‘தமிழ்விடு தூது’ என்னும் நூலையும் செய்தான். அத்தமிழன் இன்று விடுக்கும் தூது, உரியவர் வாயில்வரை சென்றும் உட்புக இயலாமல் குப்பைக் கூடையுள் வீழ்கின்றது. வீழ்த்துவது பகைவன் கையன்று. மின்னஞ்சல் நிறுவனங்கள் வாயில் காக்க நிறுத்திய வடிகட்டியே.

வடிகட்டி வேண்டாவென்று அறிவுடையார் எவரும் கூறார். வையத்தில் ஓடும் மின்மடல்களில் ஏறத்தாழச் சரிபாதி, எரிதம் எனப்படும் குப்பை மடல்களே. பொய்ப்பெயரில் வந்து பொருள் பறிக்கும் கயவரும் பலர். களை பறிக்கத்தான் வேண்டும். பயிரையும் உடன்பறித்து, பறித்த செய்தியை உழவனுக்கு உரையாமல் மறைப்பதே குற்றம்.

மடலாடற்குழுக்கள் இக்கொடுமைக்கு எளிதில் இரையாகின்றன. குழுவினர் ஒருவர் எழுதும் மடலைக் குழுவின் வழங்கி பெற்று, தலைப்பில் குழுவின் பெயரையும் அடியில் ஒரு குறிப்பையும் சேர்த்து, உறுப்பினர் அனைவர்க்கும் விடுக்கின்றது. பெறும் நிறுவனமோ, ‘இம்மடல் எழுதியவரின் வழங்கியிலிருந்து நேரே வந்ததா? அவர் இட்ட முத்திரை குலையாதுள்ளதா?’ என ஆராய்கின்றது. வந்தது குழுவின் வழங்கியிலிருந்து. அடிக்குறிப்புச் சேர்ந்ததால் முத்திரையும் குலைந்தது. எனவே நேர்மையான மடல் கள்ளமடலாகக் கருதப்படுகின்றது.

யாகூ நிறுவனம் 2014 ஏப்பிரலில், தன் முகவரி தாங்கி வந்து இவ்வாய்வில் தேறாத மடல்களை ஏலாது தள்ளுமாறு பிற வழங்கிகட்கெல்லாம் அறிவித்தது. உடனே உலகெங்கும் மடலாடற்குழுக்கள் நிலைகுலைந்தன. யாகூ முகவரியினர் எழுதியவை பிறரைச் சேராமல் திரும்பின. அவ்வாறு திரும்பியவற்றை எண்ணிய குழுவின் கணினி, பெறுநரின் முகவரியே பழுதெனக் கொண்டு, ஒரு பிழையும் செய்யாத உறுப்பினரைக் குழுவினின்று நீக்கியது. எழுதியவரும் அறியார்; நீக்கப்பட்டவரும் அறியார்! இடைநின்ற வழங்கி தான் கண்ட சான்றையும் உடன் அனுப்பும் நெறியொன்று 2019இல் வகுக்கப்பட்டது. அதனை நம்புவதும் தள்ளுவதும் இன்றும் பெறும் நிறுவனத்தின் விருப்பமே. 2024 பிப்பிரவரி முதல், தம்மிடம் கணக்கு வைத்திருப்போர்க்குப் பெருந்தொகையாக மடல் விடுப்போர்க்குக் கூகுளும் யாகூவும் கட்டுப்பாடுகளை இறுக்கின. ஆயிரம் மடலுக்கு மூவர் ‘எரிதம்’ எனச் சுட்டினாலே அனுப்புநர் ஐயத்திற்குரியவராவார்.

இதனால் தமிழுக்கு நேரும் இழப்பு யாது? 1998 தைப்பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், பல நாடுகளில் வாழும் தமிழ்த் தொண்டர்கள் மின்மடலால் கைகோத்து நம் பழநூல்களைக் கணினியேற்றிய அருஞ்செயல். தனக்கென ஓர் அரசில்லாத இனத்திற்கு மடலே அவையமாகும். அம்மடல் செல்லும் வழியோ பிறர் கையில். 15.12.2020 அன்று யாகூ தன் குழுக்களை அடியோடு மூடியபோது, தமிழர் குழுக்களும் அவற்றோடு மூடப்பட்டன. நம்மைக் கேட்டா மூடினர்?

முண்டியம்பாக்கத்தையே எண்ணிப் பார்க்க. சருக்கரை ஆலையும் தொடர்வண்டி நிலையமும் அரசு மருத்துவக் கல்லூரியும் உடைய ஊர் அது. அங்குள்ள கரும்புழவர் ஒருவர்க்கு விடுத்த விரைவஞ்சல் சேரவில்லையெனில், ‘ஆள் இல்லை’ என்றோ ‘பெற மறுத்தார்’ என்றோ உறைமேல் எழுதப்பெற்று, விடுத்தவர்க்கே மீளும். அதே உழவரின் மகன் கூகுளில் வைத்துள்ள கணக்கில் எரிதமாக வீழ்ந்த மடலோ, 30 நாள் கிடந்து தானே அழியும். விடுத்தவர் சேர்ந்ததென்றிருப்பார்; பெறுநர் வரவில்லையென்றிருப்பார். இடையில் இருவர் நட்பும் கெடும்.

அஞ்சல்துறை தமிழர்க்குத் தீங்கே இழைத்ததில்லை என்பதன்று. 14.7.2019 அன்று அஞ்சற்பணித் தேர்வைத் தமிழை விலக்கி இந்தியிலும் ஆங்கிலத்திலுமே நடுவணரசு நடத்திற்று. ஆனால் அத்தீங்கு கண்ணுக்குத் தெரிந்தது. தமிழகம் கொதித்தது, மாநிலங்களவை அதிர்ந்தது, இரண்டே நாளில் அத்தேர்வு நீக்கப்பட்டது. மடல்களை இடைமறிக்க அரசுக்கு வரம்பிலா ஆற்றல் தரும் சட்ட முன்வரைவை 1986இல் நாடாளுமன்றம் நிறைவேற்றியபோதும், குடியரசுத் தலைவர் செயில் சிங்கு அதற்கு ஒப்புதல் தாராது நிறுத்தினார். தெரிந்த தீங்கை எதிர்க்கலாம். தெரியாத வடிகட்டியை எந்த அவையில் எதிர்ப்பது? அது தமிழை வெறுக்கவில்லை; எம்மொழியார் மடலையும் அவ்வாறே தள்ளும். ஆயினும் தன் வழங்கியைத் தானே ஆளும் இனம் தப்பும். இரவல் வாயிலில் நிற்கும் இனமே பெரிதும் இழக்கும்.

ஆகவே வேண்டுவன இவை. மடலை மறிக்கும் நிறுவனம் அதன் கரணியத்தை விடுத்தவர்க்கு அவர்தம் மொழியிலேயே தெரிவிக்க வேண்டும். முறையீட்டைக் கேட்க மாந்தர் ஒருவர் இருத்தல் வேண்டும். தமிழ்நாட்டரசு, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் வழியாகவேனும், தமிழ்க் குழுக்கட்கென உரிய சான்றுகளோடு கூடிய வழங்கியை நிறுவ வேண்டும்.

தமிழன்பர் தாமும் செய்யத் தக்கன உள. கிழமைக்கொருமுறை எரிதப் பெட்டியைத் திறந்து பார்த்து, அங்குக் கிடக்கும் தமிழ்மடலை ‘எரிதமன்று’ எனக் குறித்து மீட்க. குழுவின் முகவரியைத் தம் முகவரி ஏட்டில் சேர்க்க. குழுவில் விருப்பமற்றார் முறையாக விலகுக. சோம்பி ‘எரிதம்’ என அழுத்துதல் தம்மவர் வாயிலைத் தாமே அடைப்பதாகும்.

பாவலரேறு பெருஞ்சித்திரனார் அஞ்சல்துறையில் பணியாற்றிக் கொண்டே 1959இல் ‘தென்மொழி’யைத் தொடங்கினார். அவ்விதழைத் தமிழர்தம் இல்லந்தோறும் சேர்த்தது அஞ்சல். சேரும் என்னும் நம்பிக்கையால்தான் ஓரியக்கம் எழுந்தது. அந்நம்பிக்கையைக் காவாத இனம், பேச நாவிருந்தும் கேட்கச் செவியில்லாத இனமாய்விடும். எழுதுவது நம் உரிமை. எழுதியது சேர்வதும் நம் உரிமையே!