நீல வெளிச்சம் முருகைக்கல்லுக்கா, நம் கண்ணுக்கா?



என்னிடம் படித்த தம்பி ஒருவர் இன்பொக்ஸில் கேட்டார்: "சேர், நிலாவெளிப் பக்கமிருந்து உயிருள்ள முருகைக்கல் கிடைக்குது. தொட்டிக்கு 14,000 கெல்வின் லைட் போடவா, 20,000 போடவா?" இன்னும் சிலரும் இதையே கேட்டதால் பதிலைப் பகிரங்கமாக எழுதுகிறேன்.

முதலில் விஞ்ஞானம். கெல்வின் எண் வெளிச்சத்தின் நிறத்தை மட்டுமே சொல்லும். நண்பகல் வெயில் சுமார் 5,500 முதல் 6,500. எண் ஏற ஏற நீலம் கூடும். முருகைக்கல்லுக்குள் வாழும் நுண்பாசி ஒளித்தொகுப்புச் செய்து கொடுக்கும் உணவில்தான் அது பெரும்பாலும் வாழ்கிறது. அந்தப் பாசிக்கு எவ்வளவு ஒளி கிடைக்கிறது என்பதைக் கெல்வின் சொல்லாது. பெட்டியில் 20,000 என்று போட்டிருந்தாலும் வெளிச்சம் மங்கல் என்றால் பட்டினிதான்.

"கடலுக்குள் நீலம்தானே, அதுதான் இயற்கை" என்பார்கள். சிவப்பைத் தண்ணீர் முதல் சில மீற்றரிலேயே விழுங்கிவிடும், ஆழத்தில் நீலமே மிஞ்சும், சரி. நீலம் பாசிக்கு உதவும், அதுவும் சரி. ஆனால் புறாமலையில் முருகைக்கல் வெயில் நன்றாகப் படும் ஆழமில்லாத நீரில்தான் இருக்கிறது. இருட்டறையில் பச்சையாக மினுங்கவைக்கும் அந்தக் கடும் நீலம் நம் கண்ணுக்கான அலங்காரம்.

இப்போது என் கேள்வி: அந்தத் துண்டு எங்கிருந்து வந்தது? புறாமலை 2003 முதல் தேசியப் பூங்கா. அங்கிருந்து எதையும் எடுக்க முடியாது. கல் முருகைகள் நாடு முழுக்கச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. "சின்னத் துண்டுதானே" என்கிறீர்கள். உருண்டை வகை முருகைக்கல் ஒரு சென்றிமீற்றர் வளரவே ஏறக்குறைய ஒரு வருஷம் எடுக்கும். "நான் வாங்காவிட்டால் வேறு ஆள் வாங்குவான்" என்கிறீர்கள். களவுப் பொருள் என்று தெரிந்தே வாங்குவதற்கு இந்த நியாயத்தை எந்த மௌலவியிடம் போய்ச் சொல்வீர்கள்? சூரா ரஹ்மானில் முத்தோடு பவளத்தையும் அருட்கொடையாக ஓதுகிறோம். ஓதிவிட்டு உடைத்தா விற்பது?

2022இல் 13 மணிநேரம் கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, மறந்துவிட்டதா? அப்படியொரு நாளில் பம்பும் நிற்கும், லைட்டும் நிற்கும். எத்தனை ஆயிரம் கெல்வின் வாங்கினாலும் அந்த உயிர் மிஞ்சாது.

தம்பி, ஆசை இருந்தால் கப்பி மீன் வளருங்கள். முருகைக்கல் பார்க்க வேண்டுமென்றால் கந்தளாயிலிருந்து பஸ் ஏறி நிலாவெளிக்குப் போங்கள், படகில் புறாமலைக்குப் போங்கள், கல்லின் மேல் கால் வைக்காமல் மிதந்து பாருங்கள். அங்கே லைட் இலவசம்.